மொனாகோவில் இறங்கியவன்

1

மொனாகோ பற்றி ஒரு பொது அறிவுக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று பக்கம் பிரான்ஸ், ஒரு பக்கம் கடல். மொத்தமே இரண்டு சதுர கிலோமீட்டர். ஆள்பவர் இளவரசர், நாடு முழுவதற்கும் ஒரே நகரசபை. 'அங்கே விமான நிலையம் கிடையாது' என்று எழுதிய இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. இல்லாத அந்த விமான நிலையத்தில் இறங்கியதாக ஒருவன் சொன்னால்?

மொன்றியலின் லாசால் பகுதியில் பஸ் ஏறும்போதே மொழிபெயர்ப்பாளர் துஷாந்தினிக்கு ஏதோ நடக்கப்போகிறதென்று

(இப்படித் தொடங்க வேண்டாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது.)

2

மொன்றியல் நகர மையத்தில் ஓர் அகதி விசாரணை அறை. ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லும் பெண் அதிகாரி. எதிரே யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பா வழியாக வந்து தஞ்சம் கேட்கும் கஜீவனும் அவனுடைய வழக்கறிஞர் மெலனியும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் துஷாந்தினி. சொந்தமாக ஒரு வார்த்தை பேச அவளுக்கு அனுமதியில்லை.

"மொனாகோவுக்கு எப்பிடிப் போனீங்கள் எண்டு கேக்கிறா," என்றாள் துஷாந்தினி கஜீவனிடம்.

"பிளேனிலை வந்து, பேந்து மொனாகோவிலை இறங்கினனான்."

விமானத்தில் வந்து மொனாகோவில் தரையிறங்கினேன் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

அதிகாரி நிமிர்ந்தார். "மொனாகோவில் விமான நிலையமே இல்லை. பயணத்தைப் பற்றியே பொய் சொல்கிறவர் ஊரில் நடந்ததை மட்டும் உண்மையாகச் சொல்வாரா?"

தமிழில் அதைக் கேட்டதும் கஜீவன் துஷாந்தினி பக்கம் திரும்பினான். "நான் எயார்போட் எண்டு சொல்லேல்லையே, அக்கா."

அதையும் மொழிபெயர்த்தாள்.

"சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன்," என்றார் அதிகாரி.

எழுதியிருந்தது துஷாந்தினியின் வாக்கியம்.

3

'பேந்து' என்றால் பிறகு. அந்தச் சொல்லைத் துஷாந்தினி விட்டுவிட்டாள். வீட்டில் கணவர் இரவிச்சந்திரன் எதைக் கேட்டாலும் 'பேந்து செய்யிறன்' என்பார். அது அவள் காதில் விழுவது எப்போதோ நின்றுவிட்டது.

(இந்தக் கணவர்மேல் எனக்குச் சந்தேகம். பிழைக்குக் காரணம் தேடி நான்தான் அவரைக் கூட்டிவந்தேன். காரணமில்லாமலும் பிழை வரும். அவரைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.)

4

இப்போது வாய் திறந்தால், தன் ஆளைக் காப்பாற்றுகிறாள் என்றுதான் அதிகாரி நினைப்பார். இனி வேலைக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். திறக்காவிட்டால் கஜீவனைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

(அவள் பேசாமலே இருந்ததாகவும் எழுதிப் பார்த்தேன். மெட்ரோவில் வீட்டுக்குப் போகிறாள், வெங்காயம் வெட்டுகிறாள். அதற்குமேல் அவளோடு இருக்க என்னால் முடியவில்லை.)

துஷாந்தினி கையை உயர்த்தினாள். "மன்னிக்க வேண்டும். பிழை என்னுடையது. விமானத்தில் வந்து, பிறகு மொனாகோவில் இறங்கினேன் என்றார். அந்த 'பிறகு'வை விட்டுவிட்டேன். விமானத்திலிருந்து இறங்கினாலும் பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் தமிழில் ஒரே சொல்தான்."

"அவர் மாட்டிக்கொண்ட பிறகுதான் இது நினைவுக்கு வந்ததா?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிரெஞ்சில் 'ஆம்' என்று திருத்தினாள்.

ஒலிப்பதிவைக் கேட்கலாம் என்றார் மெலனி. அதை வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துச் சரிபார்ப்பேன் என்றார் அதிகாரி. "இப்போது அவரே சொல்லட்டும். எப்படி இறங்கினார்? ஏன் அங்கே தஞ்சம் கேட்கவில்லை?"

5

கஜீவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"பிளேன் வந்தது நீஸுக்கு. ஏஜென்சிக்காரன் காரிலை மலைக்குக் கொண்டுவந்து விட்டவன். படியாலை நடந்து இறங்கினனான். மேல்படி பிரான்ஸ், கீழ்ப்படி மொனாகோ. மறிக்க ஒருத்தரும் இல்லை. வேலை கீழை, ஒரு ஹோட்டல் குசினியிலை. நித்திரை மேலை, பிரான்ஸிலை. பொலிஸைக் கண்டால் எந்த நாட்டிலை நிக்கிறன் எண்டு யோசிச்சுப்போட்டுத்தான் ஓட வேணும். ஆரிட்டைத் தஞ்சம் கேக்கிறது, அக்கா? ராசா இருக்கிறார் எண்டு சொன்னவை. நான் கண்டது கோப்பை கழுவுற இடத்தைத்தான்."

'அக்கா'வைக்கூட விடாமல் மொழிபெயர்த்தாள் துஷாந்தினி. முடிவைப் பின்னர் அறிவிப்பதாகச் சொல்லி அதிகாரி எழுந்தார்.

6

அவனை ஏற்றுக்கொண்டதாக ஒரு முடிவு எழுதினேன். மறுத்ததாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். அதிகாரி கேட்டது துஷாந்தினியின் பிரெஞ்சை. நீங்கள் கேட்டது அவனுடைய தமிழை. அவனை நம்புகிறீர்களா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் நான் மட்டும்தான் இருக்கிறேன். ஒரு சொல்லையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.