ஒரே பெயர், ஒரே பிள்ளை

நீமியா மடிக்கணினியை டெர்லிஸ் பக்கம் திருப்பினாள்.

"இதைப் பாருடா."

கறுப்புத் திரையில் ஒற்றை வரி. லிஸ் மாபெல் கந்தேரோ. தாய், தந்தை, ஊர். கடைசியில், இறந்துவிட்டாள்.

"செத்துப்போச்சு, பாவம்." டெர்லிஸ் குளிர்ந்த தெரெரே மூலிகைப் பானத்தை உறிஞ்சிவிட்டுக் கொம்புக் குவளையை நீட்டினான். "குடி. அடுத்து நம்மளத்தான் கூப்பிடுவாரு."

"அழிக்கிறதுக்கு முன்னாடி இவளுக்கு ரெண்டு வரி இருந்துச்சு. பிறந்த வருஷம் வேற வேற. டைப் பண்ணவங்க தப்புன்னு விட்டுட்டேன்."

டேட்டாபேஸ் பாடத்தின் இறுதித் தேர்வுக்கான வேலை அது. ஆஸ்பத்திரியின் வலிப்பு நோய்ப் பிரிவில் இரண்டு முறை பதிவான பிள்ளைகளை நீக்கித் தர வேண்டும். விதியை எழுதியவன் டெர்லிஸ். பெயரும் தாயும் தந்தையும் ஒன்றானால் ஒரே பிள்ளை. பழைய வரி இருக்கும், புதியது போகும். ஒரே கமாண்டில் முடிந்தது. நேற்று ஆஸ்பத்திரி தன் பழைய பதிவின் மேலேயே இவர்கள் தந்த பட்டியலை ஏற்றிக்கொண்டது. நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாதென்று, மூலக் கோப்பை இவர்கள் அழித்தாயிற்று.

"மூத்தவ செத்து, அடுத்தவளுக்கு அதே பேரை வச்சிருக்காங்கடா," என்றாள் நீமியா. "உனக்கு வச்ச மாதிரி."

டெர்லிஸ் குவளையைக் கீழே வைத்தான். ஊர்க் கல்லறையில், அவனுக்கு முன் பிறந்து இறந்த அண்ணனுக்கு, அவன் பெயரிலேயே ஒரு சிலுவை உண்டு. நவம்பர்தோறும் கல்லறைத் திருநாளில் அவன்தான் மெழுகுவத்தி ஏற்றுவான்.

"சொன்னா ஃபெயில். என் ஸ்காலர்ஷிப் போயிடும்," என்றான்.

அவள் திரையில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டான்.

"லிஸ் மாபெலா?" என்றாள் நர்ஸ். "காலையில அவ அம்மா வந்துச்சு தம்பி. பிள்ள செத்துட்டதா கம்ப்யூட்டர்ல வருது. மாத்திரை எப்படித் தர்றது? அது மூத்தவ, இது தங்கச்சின்னு அழுதுச்சு. பதிவுல ஒருத்திதானே இருக்கா?"

"இப்ப எங்க அவங்க?"

"போயிடுச்சு."

"வீட்ல மாத்திரை மிச்சம் இருக்குமா?"

"இருந்தா ஏன்யா பஸ் ஏறி வருது?"

"எடுத்து வைங்க. நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"நீ யாரு?"

"அவ வரியை அழிச்சவன்."

அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். இருவர் பெயரையும் ஆசிரியர் தேர்வுக்கு அழைத்தபோது நீமியா மட்டும் எழுந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"செத்ததா இருக்கிற பிள்ளைங்களை எல்லாம் எடும்மா."

தட்டச்சு செய்தாள். பெயர்கள் திரை நிரம்பி இறங்கிக்கொண்டே இருந்தன. யாருக்குப் பின் அதே பெயரில் ஒரு தங்கையோ தம்பியோ பிறந்திருக்கிறார்கள் என்று எந்த வரியிலும் இல்லை.