வெறுங்கட்டில் படம்

காலை வணக்கப் பூவுக்கு மட்டும் அந்தக் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது. விடிந்தும் விடியாததுமாக ரோஜா வந்து விழும், தாமரை வந்து விழும், பூவுக்குப் பின்னால் முருகன் வேலோடு வந்து நிற்பார். ‘முத்துலிங்கம் வாரிசுகள்’ என்று பெயர் வைத்த அந்த வாட்ஸ்அப் குரூப்பில் மொத்தம் முப்பத்தொரு பேர். முத்துலிங்கத்தோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பவள் மட்டும் சண்முகவடிவு ஒருத்திதான்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயம் ஒன்றில் அந்தக் கூரை இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் முத்துலிங்கத்துக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய், திக்கித் திணறி ஒன்றிரண்டு சொல்தான் மிச்சம். பிள்ளைகள் நாலு பேரில் மூத்தவன் சுதாகரன் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு மேனேஜர். கடைக்குட்டி நிரோஷன் கட்டாரில். பிரேமினி கண்டியில் கட்டிக்கொடுத்த இடத்தில். நடுவில் பிறந்த வடிவுக்குக் கல்யாணம் ஆகி மூன்றாம் வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்தான், பிள்ளையும் இல்லை. ‘வடிவு இருக்காளே’ என்று மூன்று பேரும் சொன்னார்கள். அவள் இருந்தாள், அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை.

அரை நாள் மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பாள். அந்த நேரம் பக்கத்துக் காம்பரா வீட்டு வேலாயி அக்கா கிழவரைப் பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொள்வது என்றால் பார்ப்பது மட்டும்தான். தூக்கிப் புரட்டக் கழுவ வேலாயிக்கு இடுப்பு விடாது, அவளுக்கே அறுபத்தெட்டு.

சுதாகரன் ஒரு சட்டம் போட்டிருந்தான். தினமும் அப்பாவைப் படம் எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். லயத்தில் சிக்னல் எடுக்காது. மலைக்குப் போகிற வழியில் கோயில் வளைவில்தான் போன் உயிர் பெறும். அங்கே நின்று வடிவு படத்தை அனுப்புவாள். அப்புறம் பார்க்க வேண்டுமே! ‘அப்பா மெலிஞ்ச மாதிரி இருக்கே’ என்று ஒருத்தர். ‘ஸ்வெட்டர் ஏன் போடல, பனி இல்லையா அங்க?’ என்று ஒருத்தர். ‘சவரம் பண்ணி விடலாமே வடிவு’ என்று சுதாகரன். கட்டாரில் ஏசி அறையில் இருந்துகொண்டு பனியைப் பற்றிப் புத்தி சொல்ல ஒரு தைரியம் வேண்டும்தான்.

ஒரு நாள் அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை. படம் எடுக்கவில்லை. முந்தின நாள் படத்தையே திரும்ப அனுப்பினாள். ‘இன்னைக்கு முகம் தெளிவா இருக்கு, முருகா!’ என்று பிரேமினி எழுதினாள். மறுநாளும் அதே படம். ‘நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல’ என்றான் சுதாகரன். மூன்றாம் நாளும் அதுவே. பதினொரு இதயம் வந்தது. வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. அப்படியே வளைவுக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த முடியாமைக்குக் காரணம் இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. ஒரு வருஷமாக ரத்தம் நின்றபாடில்லை. கூடையோடு ஏற்றம் ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு இரண்டு தடவை நாள் கொடுத்தார்கள். அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது என்று இரண்டு தடவையும் இவளே தள்ளிப்போட்டாள். மூன்றாவது தடவை நாள் கொடுக்கும்போது டாக்டரம்மா, “இதையும் விட்டீங்கன்னா ஒங்க ஒடம்புல ரத்தமே இருக்காதும்மா, அப்பறம் நாங்க என்னா செய்யிறது?” என்று கேட்டார். வருகிற வியாழக்கிழமை காலையில் வார்டில் இருக்க வேண்டும். பத்து நாள். பத்தே பத்து நாள் யாராவது ஒருத்தர் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டுக் குரூப்பிலேயே எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். ‘எனக்கு வியாழக்கிழமை ஆப்பரேசன். பத்து நாள் யாராச்சும் வந்து அப்பாவ பாத்துக்குங்க.’

கும்பிடு கை ஒன்பது வந்தது. ‘கவலப்படாதீங்கக்கா, கடவுள் இருக்காரு’ என்று நிரோஷன் ஒரு சிவப்பு இதயமும் சேர்த்துப் போட்டான். ‘மகனுக்கு ஸ்கொலர்ஷிப் பரீட்ச வருது அக்கா, இல்லன்னா நான் ஓடி வந்திருப்பேன்’ என்றாள் பிரேமினி. ‘கடையில லீவு எடுக்கவே முடியாது. டேட்ட மாத்திக் கேட்டுப் பாரு’ என்றான் சுதாகரன். அதற்குள் சித்தப்பா மகன் சுமன், பெண்டாட்டிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த ஒருத்தனைப் பற்றிய ஜோக்கைத் தூக்கிப் போட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கடியில் வடிவின் ஆப்பரேஷன் போய்ப் புதைந்துவிட்டது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல?

செவ்வாய்க்கிழமை காலை. ராத்திரியெல்லாம் கிழவர் மெத்தையை நனைத்திருந்தார். வடிவும் வேலாயியும் அவரைத் தாங்கி வாசல் பக்கத்து இஸ்தோப்பில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மெத்தையைச் சுருட்டிக் கொண்டுபோய் வெளியே வெயிலில் போட்டார்கள். போர்வையும் தலையணையும் துவைக்கப் போயின. வெறும் பலகைக் கட்டில் நின்றது. அதைப் பார்த்ததும்தான் வடிவுக்கு ஞாபகம் வந்தது. மூன்று மாசத்துக்கு முன்னால், ‘நல்ல மெத்தை வாங்கி லொறியில போட்டு விடுறேன், கட்டில ஒரு படம் அனுப்பு’ என்று அண்ணன் குரூப்பில் கேட்டிருந்தான். படம் எடுத்தாள். வளைவில் அனுப்பினாள். எழுத்தொன்றும் சேர்க்கவில்லை, எழுதத் தெம்பில்லை. போனைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள்.

நம் ஆட்கள் எப்போது மெத்தையைச் சுருட்டி வெளியே போடுவார்கள், எப்போது கட்டிலை வெறுங்கட்டில் ஆக்குவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வடிவுக்குத்தான் அந்த நேரம் அது உறைக்கவில்லை.

பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வளைவுக்கு வந்தபோது போன் துடித்துக்கொண்டிருந்தது. எண்பத்தாறு மெசேஜ். திறந்தாள்.

‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘பெரியப்பாவின் ஆத்மா சாந்தியடைய.’ எரிகிற மெழுகுவர்த்தி, உதிர்கிற பூ. பிரேமினி குரல் செய்தியில் கதறிக்கொண்டிருந்தாள், “ஐயோ அப்பா, ஒங்க மொகத்தக்கூட பாக்காம விட்டுட்டனே!” சுமன் அதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனரே செய்துவிட்டிருந்தான். மூன்று நாள் போட்ட அதே படம், சுற்றிலும் மாலை. கீழே சுதாகரன், ‘வடிவுக்கு கோல் எடுத்தேன், பாவம், போன் எடுக்குற நெலமையில இல்ல போல. வேன் பேசிட்டேன். நாளைக்கு விடியக்காலம் கெளம்புறோம், நாங்க வராம எடுக்க வேணாம்னு சொல்லுங்க’ என்று எழுதியிருந்தான். யாரிடம் சொல்லச் சொல்கிறான்? லயத்தில் இன்னும் பதினொரு வீடு இருக்கிறது. ஒரு வீட்டு நம்பர்கூட அந்த முப்பது பேரில் ஒருத்தரிடமும் இல்லை. கடைசியில் நிரோஷன், ‘எமர்ஜென்சி லீவு கெடச்சிருச்சி. ராத்திரி பிளைட். அண்ணே, கட்டுநாயக்க எயார்போட்டுல என்னயும் ஏத்திக்குங்க.’

வடிவு ‘ஐயய்யோ’ என்று வாய்விட்டே சொன்னாள். உடனே அடிக்கத் தொடங்கினாள். ‘அப்பா நல்லா இருக்காரு.’ அனுப்புகிற இடத்துக்கு விரல் போயும் விட்டது.

போன விரல் நின்றது. நிரோஷனின் மெசேஜை இன்னொரு தடவை படித்தாள். லீவு கெடச்சிருச்சி. உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு நாலு வருஷமாகக் கிடைக்காத லீவு. சாகக் கிடக்கிற அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்காத லீவு. ஒரு காலிக் கட்டிலுக்குக் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டது. சொல்லாமல் விடுவது பாவம் என்று அவளுக்குத் தெரியும். அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். போனை அணைத்துப் பொலித்தீனில் சுற்றினாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சவரம் பண்ணி, வெந்நீரில் துடைத்து, பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டு விட்டாள். “நாளைக்கு எல்லாரும் வாறாங்கப்பா. அண்ணே, தம்பி, பிரேமினி எல்லாரும்.” கிழவர் நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தார். அப்புறம் இடது கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்ததும் வடிவுக்கும் அடக்க முடியவில்லை.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு வேன் வந்து ரோட்டில் நின்றது. இறங்கும்போதே சுதாகரன் எரிந்து விழுந்தான். “ஒரு வெள்ளக் கொடிகூட கட்டல பாருங்க! என்னா தோட்டம் இது, மனுசனுக்கு மரியாத இல்லயா?” மூன்று பேரும் வெள்ளையில் இருந்தார்கள். பேனர் சுருட்டி நிரோஷனின் கக்கத்தில். பிரேமினி ரோட்டிலேயே மாரில் அடித்துக்கொண்டு, “என்னப் பெத்த ராசாவே!” என்று தொடங்கி இறக்கத்தில் ஓடி வந்தாள்.

இஸ்தோப்பில் ராசா உட்கார்ந்து வடிவு பிடித்துக்கொடுக்க டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிரேமினியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. வேலாயி தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, “யாருக்குங்க வெள்ள கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க? கொழும்புல யாரும் தவறிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“என்னாடி இது?” என்றான் சுதாகரன். முகம் கறுத்துவிட்டிருந்தது. “அப்பா செத்துட்டாருன்னு பொய் சொல்லியா எங்கள வரவச்ச?”

“நான் எங்கண்ணே சொன்னேன்? குரூப்ப எடுத்துப் பாருங்க. மெத்த வாங்கக் கட்டில் படம் கேட்டீங்க, அனுப்புனேன். மத்ததெல்லாம் நீங்களே சொல்லிக்கிட்டது.”

“அப்ப, பாத்தவொடனே இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்.” வடிவு டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். “எழுதினேன். அழிச்சிட்டேன்.”

“மனுசியா நீ? எனக்கு வழியெல்லாம் நெஞ்சு வலிச்சிச்சி, தெரியுமா?”

“வலிச்சிருக்கும்ணே. அது என் தப்புதான், என்னய ஏசுங்க. ஆனா ஒண்ணு கேக்கிறேன். எத்தன நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கீங்க?”

நிரோஷன்தான் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு இருவது நாளுக்கா” என்றான்.

“நீங்கண்ணே?”

“கருமாதி வரைக்கும்.” சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. “பதினாறு.”

“பிரேமினி?”

“நானும் அப்பிடித்தான்… மகன மாமியார்கிட்ட விட்டுட்டு…”

“நான் பத்து நாள்தான் கேட்டேன்” என்றாள் வடிவு. சத்தம் போடவில்லை. சத்தம் போட அவள் உடம்பில் ரத்தம் ஏது?

நிரோஷன் போனை எடுத்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். மெழுகுவர்த்திகளையும் ஜோக்கையும் தாண்டி, ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்ச் சேர்ந்தான். அவன் போட்ட சிவப்பு இதயம் அப்படியே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தான். சுதாகரன் என்னமோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கிழவர் தன் நல்ல கையால் அவன் வெள்ளைச் சட்டையைப் பிடித்துவிட்டார். “வந்… வந்துட்டியா” என்றார். பிடித்த பிடியை விடவே இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு வடிவு கிளம்பினாள். மாத்திரை எது எப்போது, எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், கழுவும் வாளி எங்கே இருக்கிறது என்று பிரேமினிக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாள். “பயப்படாதக்கா, நாங்க பாத்துக்கிறோம்” என்று பிரேமினி அழுதாள். நிரோஷன் பையைத் தூக்கிக்கொண்டு வார்டு வாசல் வரைக்கும் கூடவே வந்தான். சுதாகரன் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன் நடந்தது. சனிக்கிழமை மத்தியானம் மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் வடிவு போனைத் திறந்தாள். வார்டில் சிக்னல் ஏராளம். குரூப்பில் புதுப் படம் ஒன்று. சுதாகரன் கரண்டியால் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறான். அப்பா சிரிக்கிறார். இருபத்தைந்து இதயம். ‘பெத்தா இப்பிடி ஒரு மகன பெறணும்.’ ‘இந்தக் காலத்துல யாரு செய்வா?’ ‘அண்ணனப் பாத்துப் படிக்கணும்.’ பேனர் செய்த சுமன் கைதட்டலே எட்டுப் போட்டிருந்தான்.

கடைசியில் அவனேதான் கேட்டிருந்தான், ‘வடிவு அக்கா எங்க, படத்துல காணமே?’

அண்ணன் பதில் எழுதியிருந்தான். ‘அவ பத்து நாள் ரெஸ்ட்ல இருக்கா.’

வடிவு ஒரு கையால் தையலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.