வீட்டுக்காரரின் மணிக்கட்டு

வீட்டுக்காரருக்குக் கை மரத்துப்போனதிலிருந்து வீடே அல்லோலகல்லோலப்பட்டது. மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான பாதை இருக்கிறதாம், அதற்குள் ஓடும் நரம்பு நசுங்குகிறதாம். டாக்டரைப் பார்க்கும் முன்பே கைப்பேசியில் படித்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார். மணிக்கட்டுப் பட்டை ஒன்றை வரவழைத்து மாட்டிக்கொண்டார். தண்ணீர்க் குவளையைக்கூட இடது கையால்தான் தூக்கினார்.

அவர் மனைவி அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். நாள் முழுக்கக் கத்தரிக்கோலும் ட்ரையரும்தான். அவளுக்கு விரல்கள் மரக்கத் தொடங்கி ரொம்ப நாளாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "வேலை செஞ்சா கை வலிக்கத்தான் செய்யும்" என்று ஒரே வரியில் வைத்தியம் பார்த்துவிட்டார். போன வாரம் கத்தரிக்கோல் நழுவி ஒரு பெண்ணின் மடியில் விழுந்தது. இன்னொரு முறை விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். அதை வீட்டில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதாதா?

ஆஸ்பத்திரிக்கு அவருடைய பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவள் கையில்தான் வந்தன.

மணிக்கட்டு நரம்பைப் பற்றிப் படித்ததையெல்லாம் அவர் ஒப்பித்து முடித்ததும், "எந்த விரல் மரத்துப்போகுது?" என்றார் டாக்டரம்மா.

"சுண்டுவிரல்தான் டாக்டர். உயிர் போகுது."

"நீங்க சொல்ற நரம்பு சுண்டுவிரலுக்குப் போறதே இல்லையே. கட்டைவிரல்லேர்ந்து மோதிரவிரல் பாதி வரைக்கும்தான். சரி, ரெண்டு புறங்கையையும் ஒட்டவச்சு மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் பிடிங்க."

பிடித்தார். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவளும் பிடித்துப் பார்த்தாள். அவர் நிமிடம் முடியும்வரை கம்பீரமாக இருந்தார். அவளோ பாதியிலேயே விட்டுவிட்டு வலது கையை உதறினாள்.

"ஏம்மா உதறுறீங்க?"

"பழக்கம்ங்க. தூக்கத்துலகூட எழுந்து உதறுவேன்."

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதையை அமுக்கிப் பார்த்தார்.

"சதை இளைக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் தள்ளிப்போட்டா, ஆபரேஷன் பண்ணாலும் பலம் திரும்புறது கஷ்டம். நரம்புக்கு ஒரு டெஸ்ட் எடுப்போம். தைராய்டு, சுகரும் பாத்துடலாம். அநேகமா சின்ன ஆபரேஷன் வேண்டியிருக்கும். கை பிழைச்சுக்கும், பயப்படாதீங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா அவரிடம் திரும்பினார்.

"சுண்டுவிரல் நரம்பு முழங்கை வழியாப் போகுது. நீங்க ஃபோன் பாக்கும்போது முழங்கையை ஊனாம இருந்தாப் போதும். அந்தப் பட்டையைக் கழட்டி அவங்ககிட்ட குடுங்க. தூங்கும்போது அவங்க போட்டுக்கட்டும்."

வெளியே வந்ததும் அவர் தன் அம்மாவுக்கு ஃபோன் போட்டார். "எனக்கு ஒண்ணுமில்லையாம்மா" என்றார், எதையோ பறிகொடுத்தவர் குரலில். "அவளா? அவளுக்குச் சும்மா கைவலி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பை, குடை, பாட்டில் மூன்றையும் அவரிடம் நீட்டினாள்.

"என்னது இது?"

"உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லையே. பிடிங்க."

வாங்கிக்கொண்டு நடந்தார். வலது கையில்தான்.