பச்சை ஒயர்

கண்ணாடிக்காரர் மின்சாரத்துக்கு அஞ்சுபவர். வீட்டில் விளக்கு எரியாமல் போனால் ஸ்டூலில் ஏறுபவள் அவருடைய மனைவிதான். அவர் கீழே நின்று ஸ்டூலின் கால்களைப் பிடித்துக்கொண்டு, "மெயின நிறுத்தினியா? நல்லாப் பாத்தியா?" என்று கேட்டவண்ணம் இருப்பார். அத்தகைய மனிதர் ஐம்பது வயதுக்கு மேல் கிட்டார் பெடல் செய்யக் கிளம்பியதற்குக் காரணம், பெடலுக்கு ஒன்பது வோல்ட் போதும் என்பதே. ஒன்பது வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது என்று, அவர் வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கமே உறுதி கூறியது.

கிட்டார் மனைவியுடையது. நிகழ்ச்சிகளில் அவள் வாசித்துக்கொண்டே பாடுவாள். அவளுடைய தம்பி டிரம்ஸ் அடிப்பான். கிட்டாரிலிருந்து வரும் ஓசை, ஆம்ப் எனப்படும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் செல்லும் வழியில், தரையில் கிடக்கும் சிறு பெட்டி ஒன்றைக் கடந்து போகும். அதுதான் பெடல். அதன் பொத்தானைக் காலால் மிதித்தால், இனிமையாக இருந்த ஓசை கரகரத்து முரட்டுத்தனம் கொள்ளும். ஒரு முறை மனைவியின் பெடல் பழுதாகி, அதன் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கின. இதை நானே செய்துவிடலாமே என்ற எண்ணம் அன்றுதான் அவருக்கு உண்டாயிற்று.

தம் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், வில்லைகளைத் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், இடம் ஒதுக்கினார். கடுகினும் சிறிய திருகாணிகளோடு பழகிய விரல்களுக்கு, ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டும் சால்டரிங் விரைவில் கைவந்தது. முதல் டிரான்சிஸ்டரைத் தலைகீழாகப் பொருத்திக் கருக்கினார். இரண்டாவது முயற்சி கொசுவைப் போல ரீங்காரமிட்டது. மூன்றாவது முயற்சி, மெய்யாகவே ஒரு பெடலாக அமைந்தது. அதை அவர் இரும்பாலான மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றினுள் அடக்கி, மூடியில் துளையிட்டுப் பொத்தானைப் பொருத்தினார்.

"மாமா, இத மிதிச்சா பாட்டு கிட்டத்துல தெரியுமா, தூரத்துல தெரியுமா?" என்று மைத்துனன் கேட்டான்.

"உனக்கு ரெண்டுமே தெரியாது மாப்ளே. நீ பேசாம மிதி."

மிதித்தான். ஓசை அருமையாகக் கரகரத்தது. ஆனால் தந்திகளை மீட்டாத நேரத்திலும் ஆம்பிலிருந்து கனத்த உறுமல் ஒன்று இடைவிடாது எழுந்தது.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்த்தவாறு. "பின்னால யாரோ மாவு மில் ஓட்டுறாங்க. அத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

"மில்லு இல்லக்கா. மாமாவோட குறட்டையப் பிடிச்சு டப்பாவுல அடைச்சிருக்காரு."

அவர்கள் சிரித்தது அவரைச் சுட்டது. புத்தகத்தில் உறுமலைப் பற்றிய அத்தியாயம் வெகுதூரத்தில் இருந்தது. பக்கம் பக்கமாகக் கற்று அங்கே போய்ச் சேரும் பொறுமை அன்று அவருக்கு இல்லை. பெடல் செய்வோர் கூடிப் பேசும் இணையதளம் ஒன்றில் தேடினார். ஆம்பின் பிளக்கைத் திறந்து, எர்த் எனப்படும் பச்சை ஒயரைக் கழற்றிவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் நின்றது, எனக்கும் நின்றது என்று அதன் கீழே பலர் நன்றி தெரிவித்திருந்தனர். சுவரில் செருகாமல் கையில் கிடக்கும் பிளக்கில் மின்சாரம் இல்லை என்பதால், அதைத் திறக்க அவரும் அஞ்சவில்லை. பச்சை ஒயரைக் கழற்றி, மடக்கி, டேப் சுற்றி, பிளக்கை மூடினார். உறுமல் அடியோடு நின்றது.

"அட, நெசமாவே போயிடுச்சே! என்னங்க பண்ணீங்க?"

"அது ஒரு சின்ன வேலை," என்றார். அதற்கு மேல் விளக்காமல் இருப்பதில் அவருக்கு ஓர் இன்பம் இருந்தது.

ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவில் அந்தப் பெடல் அரங்கேறுவதாக இருந்தது. மதியமே மனைவியும் மைத்துனனும் சாமான்களோடு வேனில் சென்றுவிட்டனர். ஒரு வாடிக்கையாளருக்கு வில்லை மாற்றித் தரவேண்டியிருந்ததால், பிறகு வருவதாகச் சொல்லிக் கண்ணாடிக்காரர் கடையில் தங்கினார். ஒரு வில்லையைப் பொருத்தி மற்றதைக் கையில் எடுத்தபோது, மனைவியின் குரல் பதிவு கைபேசியில் வந்து சேர்ந்தது. பெருமை தாங்காமல், வாடிக்கையாளருக்கும் கேட்கும்படியாக அதை ஒலிக்கவிட்டார்.

"என்னங்க, இங்க எல்லாம் வாசிச்சுப் பாத்தாச்சு. உங்க டப்பா அமர்க்களம்! சவுண்டுக்காரர் யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. ஒண்ணே ஒண்ணுதான், மைக்குல உதடு பட்டா சுருக்குன்னு எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு. கிட்டாரப் பிடிச்சிருந்தா மட்டுந்தான். கைய எடுத்துட்டா ஒண்ணும் இல்ல. உங்க மாப்ள சொல்றான், மாமாவோட பாசம் ஷாக்கடிக்குதாம்!"

வாடிக்கையாளர் சிரித்தார். கண்ணாடிக்காரரும் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அந்தப் பதிவை மறுபடி ஒலிக்கவிட்டுக் கேட்டார். கிட்டாரைப் பிடித்திருந்தால் மட்டும். ஏன் மட்டும்?

பின்னறைக்குச் சென்று, புத்தகத்தில் தாம் எட்டாத அத்தியாயத்தைத் தேடித் திறந்தார். வரிகள் நிதானமாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் இருந்தன. ஆம்பின் உள்ளே கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டு செல்வது பச்சை ஒயர். அது இல்லையெனில், கசிவு ஆம்பின் இரும்பு உடலிலும், அதனோடு இணைந்த கிட்டாரின் தந்திகளிலும் தேங்கி நிற்கும். வாசிப்பவரின் உதடு, மண்ணோடு இணைந்த மைக்கைத் தொடும் கணத்தில், அது அவருடைய உடலையே வழியாகக் கொள்ளும். இன்று எறும்புக்கடியாகத் தோன்றுவது, உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு பாகம் முற்றிலும் கெட்டுவிடும் நாளில், சுவரிலிருந்து வரும் முழு மின்சாரமாக மாறக்கூடும். அதே பக்கத்தின் அடியில் இன்னொரு குறிப்பு இருந்தது: பெடல் உறுமினால், சுவரில் செருகும் அடாப்டரை நீக்கிப் பேட்டரியைப் பொருத்திப் பார்க்கவும்.

அந்த ஆம்ப் அவர்களுடைய திருமணத்தினும் பழையது.

மனைவியை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மைத்துனனை அழைத்தார். அதுவும் ஓய்ந்தது. மேடை ஏறுமுன் இருவரும் கைபேசிகளைப் பையில் போட்டுவிடுவது வழக்கம்.

"சார், இன்னொரு கண்ணுக்குப் போடலையே?" என்றார் வாடிக்கையாளர், ஒற்றை வில்லைச் சட்டத்தை முகத்தில் மாட்டியபடி.

"ஒரு கண்ண மூடிக்கிட்டுப் போங்க சார். நாளைக்கு வாங்க. தயவுசெஞ்சு இப்பப் போங்க."

ஸ்கூட்டரில் செல்லும் வழியெங்கும் சாலை அவருக்குத் தென்படவில்லை. தென்பட்டது மனைவியின் வாய். பாடும்போது மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொள்வது அவள் பழக்கம். விளக்குகளின் சூட்டில் அவளுக்கு வியர்க்கும். ஈரக் கையில் மின்சாரம் இன்னும் எளிதாக ஏறும் என்று புத்தகம் கூறியிருந்தது. சிக்னலில் நிற்கையில், மீண்டும் அழைத்துப் பார்க்கக் கைபேசியை எடுத்தார். வேறொருவர் அவளுடைய கைபேசியை எடுத்து, நீங்க அவங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டுவிடுவாரோ என்ற எண்ணம் எழுந்ததும், தம்முடையதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

மண்டபத்தின் கதவைத் தள்ளியபோது வரவேற்புரை முடிந்து கைத்தட்டல் எழுந்துகொண்டிருந்தது. மேடையில் மனைவி கிட்டாரைத் தோளில் மாட்டி, இடக்கையால் தந்திகளைப் பற்றி நின்றாள். மைக் அவளுக்கு ஓரடி தொலைவில் இருந்தது. அவர் நாற்காலிகளுக்கு நடுவே ஓடினார்.

"தொடாத! மைக்கத் தொடாத!"

கைத்தட்டலில் அந்தச் சொற்கள் கரைந்தன. கணவர் ஓடிவருவதை மட்டும் அவள் கண்டாள். வியப்போடு புன்னகைத்து, அவருக்குப் பதில் சொல்லும் பொருட்டு மைக்கை நோக்கியே குனிந்தாள்.

தாம் மேடைமேல் எவ்வாறு ஏறினார் என்பதைப் பின்னர் அவரால் நினைவுகூர முடியவில்லை. மின்சாரம் பாயும் ஒருவரை வெறுங்கையால் பற்றலாகாது என்ற ஒரே வாக்கியம் மட்டும் தலைக்குள் இருந்தது. ஆகவே அவளைத் தொடாமல், தரையில் கிடந்த மைக்கின் ஒயரை இரு கைகளாலும் பற்றி இழுத்தார். அவளுடைய உதட்டருகிலிருந்து மைக் தெறித்தது. ஸ்டாண்ட் சாய்ந்து இடியோசையோடு விழுந்தது. முன்வரிசையில் ஒரு பெண் வீரிட்டாள்.

"மாமா! குடிச்சிருக்கீங்களா?" என்று மைத்துனன் எழுந்தான்.

"பிளக்கப் பிடுங்கு மாப்ளே. ஆம்போட பிளக்கு. ஆம்பத் தொட்டுடாத, பிளக்க மட்டும் பிடி."

"முதல்ல என்னான்னு சொல்லுங்க."

மேடைக்கு ஓடிவந்த சவுண்டுக்காரர், அவர் முகத்தை ஒரு கணம் நோக்கிவிட்டு, தம் பையிலிருந்த டெஸ்டரை எடுத்தார். மனைவியைக் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைக்கச் செய்து, டெஸ்டரின் முனையைத் தந்தியின் மீது வைத்தார். அதனுள்ளிருந்த சிறு விளக்கு சிவப்பாக எரிந்தது. மனைவி தன் இடக்கையை விரித்து, அது வேறு எவருடையதோ என்பதுபோல் பார்த்தாள்.

மைத்துனன் பிளக்கைப் பிடுங்கினான்.

"நாந்தான்," என்றார் கண்ணாடிக்காரர். "அந்த உறுமல் போகணும்னு எர்த்தக் கழட்டிவிட்டேன்."

"கழட்டினா இப்படி ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"தெரியாது."

"தெரியாமத்தான் சின்ன வேலைன்னு சொன்னீங்களா?"

அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சிறு திருப்புளியை எடுத்து, மேடையிலேயே அமர்ந்து பிளக்கைத் திறந்தார். எவ்வளவோ சிறிய திருகாணிகளைத் துளையில் நிறுத்திய விரல்களிலிருந்து அந்தப் பெரிய திருகாணி நழுவி நழுவி உருண்டது. மைத்துனன் மண்டியிட்டு, கைபேசி விளக்கைப் பிடித்தான். பச்சை ஒயர் தன் இடத்தில் இறுகியது. பிளக்கை மூடிச் செருகினார்கள். மாவு மில் ஓடத் தொடங்கியது. மண்டபம் முழுதும் அந்த உறுமல் நிரம்பியது. சவுண்டுக்காரர் ஸ்டாண்டை நிமிர்த்தி மைக்கைப் பொருத்திவிட்டு, தந்திகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். விளக்கு எரியவில்லை.

"சரியாயிடுச்சு. நீங்க வாசிக்கலாம்மா."

மனைவி நகரவில்லை. இரு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் ஏறி விளக்கு மாட்டுபவள், அவர் அஞ்சும்போதெல்லாம் நகைப்பவள், தன் கிட்டாரைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"முதல்ல நீங்க," என்றாள்.

"நானா?"

"கிட்டார ஒரு கையால பிடிங்க. மைக்குல வாய வைங்க. நான் எப்படி வச்சேனோ அப்படி."

டெஸ்டர் எரியவில்லை என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். ஒயரை இறுக்கியதும் அவரே. ஆயினும் மேடையின் குறுக்கே அந்த நான்கடியை நடப்பதற்குள் முதுகு வியர்வையில் நனைந்தது. திருகாணி சரியாக இறுகியதா? அந்தப் பழைய ஆம்பின் வயிற்றுக்குள் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது? கிட்டாரைத் தூக்கினார். தந்திகள் குளிர்ந்திருந்தன. கண்களை மூடி உதட்டை மைக்கில் வைத்தார். அந்த இரும்பின் சுவை நாவில் பட்டது.

ஒன்றும் நேரவில்லை.

"ஒண்ணும் இல்ல," என்றார். அந்தச் சொற்கள் ஒலிபெருக்கிகள் வழியாக மண்டபம் முழுதும் முழங்கின. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல."

யாரோ ஒருவர் கைதட்டினார். மனைவி அருகே வந்து, கிட்டாரை நெருங்கிக் கை நீட்டினாள். தந்திக்கு ஒரு விரற்கடை முன்னால் அந்தக் கை நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ," என்றாள். "கைய எடுக்காம வச்சிருங்க. நானும் தொடுறேன்."