மொட்டைத் தலையும் பச்சைப் பெட்டியும்

“இறங்காதீங்க! அங்கியே நில்லுங்க! ஒருத்தரும் கீழ வராதீங்க!”

திருத்தணி மலைப்படியில் தங்கவேல் தலைதெறிக்க ஏறிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் கேங் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தோரம் மைல் கணக்கில் நடந்து பழகிய கால்கள்தான். ஆனால் படி என்றால் முரண்டு பிடித்தன. பங்குனி வெயில் கல்லைக் காய்ச்சி வைத்திருந்தது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஓடி வந்தது அப்போதுதான் உறைத்தது.

மேலிருந்து பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் மொட்டை. சந்தனம் பூசிய புது மொட்டை. தேய்த்துக் கவிழ்த்த பித்தளைச் சொம்புகள் போல மலைச்சரிவெங்கும் பளபளத்தன.

கீழே, மலையடிச் சத்திரத்தில் ஓட்டுச்சாவடி. அதன் வாசலில் கஜபதியின் ஆட்கள் நின்று அந்தச் சொம்புகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் தங்கவேல் ஓட ஆரம்பித்தார்.

நாற்பத்தாறாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தல் அது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வர்ணப் பெட்டி. கஜபதிக்குச் சிவப்பு, தங்கவேலுக்குப் பச்சை. திரைக்குப் பின்னால் போய், பிடித்த வர்ணத்தில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். யுத்த காலத்தில் நூலுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, அந்த வட்டாரத்து நூல் டிப்போ கஜபதியின் கையில் இருந்தது. வேண்டியவனுக்குக் கொடுப்பான், வேண்டாதவன் தறியில் சிலந்தி கூடு கட்டும். தங்கவேலும் தறிக்குழியில் பிறந்தவர்தான். அது சோறு போடாமல்தான் ரயில்வேக்குப் போனார். மகள் தேவகியைப் பொதட்டூர்பேட்டையில் நெசவாளி வேடியப்பனின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். நூல் இல்லாமல் தறி நின்றது. மாப்பிள்ளை சென்னைத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். அன்றைக்குத்தான் தங்கவேல், “நான் நிக்கிறேன். சட்டசபைக்குப் போயி இந்த டிப்போவ அவன்கிட்டேருந்து புடுங்கறேன்” என்று கிளம்பினார்.

பொதட்டூர்பேட்டை சந்தோஷத்தில் கொதித்தது. வேடியப்பன் முன்னால் நிற்க, வீட்டு வரி கட்டி ஓட்டுரிமை பெற்றிருந்த நெசவாளர் அத்தனை பேரும் தட்டில் கற்பூரம் ஏற்றி, கையால் அணைத்து, பச்சைப் பெட்டிக்கே என்று சத்தியம் செய்தார்கள். தங்கவேல் கேட்கவில்லை. அவர்களாகவே செய்தார்கள்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கஜபதி வண்டி நிறைய நூல் கட்டோடு அதே தெருவுக்கு வந்தான். கூடவே அவனும் ஒரு தட்டு கொண்டு வந்தான். கற்பூரத்தை அணைத்தவனுக்கு நூல். அணைக்காதவனுக்கு வண்டி நிற்காது. பட்டினி கிடந்த கைகள் என்ன செய்யும்? அணைத்தன.

ஆக, ஒரே தொண்டையில் இரண்டு சத்தியம். திரைக்குப் பின்னால் எந்தப் பெட்டியில் விழுகிறது என்று மனுஷன் எவனும் பார்க்க முடியாது. ஆனால் அணைத்த கற்பூரம் பார்க்கும். பொய்த்தால் வம்சத்தை வாரிக்கொண்டு போகும். தங்கவேலுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. மற்ற ஊர்களில் இருவரும் சரிக்குச் சரி. பொதட்டூர்பேட்டை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் ஜெயம்.

முந்தின நாள் மத்தியானம் மைத்துனன் துரைக்கண்ணு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“பாவா! பொழைச்சோம் பாவா! மலைக்கோயில் மடப்பள்ளி சேஷகிரி சாமிய போயி கேட்டுகினாங்களாம். சத்தியத்த மீறினா முடி குடுத்து, கொளத்துல முழுகி, முருகன்கிட்ட மன்னாப்பு கேட்டா தோஷம் கெடையாதுன்னுட்டாராம். நாளைக்குக் காலைல அல்லாரும் மொட்ட போட்டுகினு, நேரா எறங்கி வந்து ஓட்டு போடறாங்க!”

“முடிதானேடா, மொளைச்சுக்கும்!” என்று தங்கவேல் அவனைக் கட்டிக்கொண்டார்.

பாவத்துக்கு வழி கிடைத்ததே என்ற பூரிப்பில், மொட்டைத் தலை கண்ணுக்குத் தெரியும் என்பது மாமனுக்கும் தோன்றவில்லை, மைத்துனனுக்கும் தோன்றவில்லை. கிருத்திகையாக இருந்திருந்தால் ஊரெல்லாம் மொட்டையாக இருக்கும், கலந்துவிடலாம். இன்றைக்கு இவர்கள் மட்டும்தான். திரை போட்டு மறைத்த ரகசியத்தை நெற்றிக்கு மேலே எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். நாளையிலிருந்து ஒருவன் தறிக்கும் நூல் வராது.

“சம்பந்தி!” முன்னால் வந்த வேடியப்பனின் தோளைப் பிடித்து நிறுத்தினார். “தலைய மறைங்க. கஜபதி ஆளுங்க கீழ நின்னு எண்ணிகினு கீறாங்க!”

வேடியப்பன் படியைப் பார்த்தான். “இருக்கட்டும் சம்பந்தி. வுடுங்க.”

“இன்னா இருக்கட்டும்? எம்பொண்ணு ஒங்க வூட்ல கஞ்சி குடிக்கணுமா வேணாமா? முண்டாசு கட்டுங்கய்யா!”

“துண்டு ஏது சம்பந்தி?”

தங்கவேல் அப்போதுதான் பார்த்தார். நாட்டுக்கே துணி நெய்கிறவர்கள். ஒருவன் தோளிலும் உருப்படியான துண்டு இல்லை.

“துரைக்கண்ணு! அந்தத் துணிய அவுத்துகினு ஓடியாடா!”

மலையடியில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டியிருந்த வெள்ளைத் துணி அது. ‘தொழிலாளர் தோழன் தங்கவேலுக்கே உங்கள் ஓட்டு’ என்று நீலம் கரைத்து எழுதியிருந்தது. அதைத் தங்கவேலே பல்லால் கடித்து, கையால் கிழித்தார். பேர் துண்டு துண்டாயிற்று. “எழுத்து உள்ள போவட்டும், உள்ள போவட்டும்” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தலையிலும் சுற்றினார். சின்னப் பிள்ளைகள் மாதிரி எல்லோரும் தலையைக் குனிந்து காட்டினார்கள். ஒருவன் விசும்பினான்.

“அழுவாதடா. அழுதா கஜபதி செத்துடுவானா?” என்று அவன் கன்னத்தைத் தட்டினார்.

சத்திரத்து வாசலில் கஜபதியின் கையாள் வீரபத்திரன் காலை அகட்டி நின்றான்.

“இன்னா மாமே, அல்லாருக்கும் ஒரே நாள்ல மண்டையிடியா?”

கையை நீட்டி வேடியப்பனின் முண்டாசை உருவினான். ஈரச் சந்தனத்திலும் வேர்வையிலும் நீலம் கரைந்து, மொட்டை முழுக்கத் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. வாசலே சிரித்தது.

“கைய எட்றா!”

தங்கவேல் பாய்ந்தார். வீரபத்திரன் விலகிக்கொண்டான், அவ்வளவுதான். அவர் கல்லில் விழுந்து முழங்கால் கிழிந்தது. போலீஸ்காரன் ஒருவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஓரமாகப் பிடித்துக்கொண்டான். நெசவாளர்கள் ஒவ்வொருவராக முண்டாசை அவிழ்த்தார்கள். நீலம் வழிந்த தலையோடு, யாரையும் நிமிர்ந்து பாராமல் உள்ளே போனார்கள்.

“எண்ணிக்கடா!” தங்கவேல் போலீஸ்காரன் பிடியில் திமிறிக்கொண்டு கத்தினார். “நல்லா எண்ணிக்க! அத்தினியும் பச்ச! சோறு போனாலும் சொல்லு போவாத சனம்டா இது!”

“எண்ணிகினுதான் கீறேன் பெரியவரே” என்றான் வீரபத்திரன், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

தங்கவேலுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. முழங்கால் வலியால் இல்லை. முப்பது வருஷ உத்தியோகத்தில் கிடைக்காத பெருமை அது.

ஜில்லாத் தலைநகர் சித்தூரில் எண்ணினார்கள். திருத்தணிச் சத்திரத்துப் பச்சைப் பெட்டியைத் திறந்து, கவிழ்த்து, தட்டி, மறுபடியும் உள்ளே எட்டிப் பார்த்தார் அதிகாரி. அடியில் ஏதோ கொஞ்சம். சிவப்புப் பெட்டி மூடி திறந்ததும் வழிந்தது.

“பொட்டிய மாத்திட்டானுங்க! நான் கண்ணால பாத்தேன்யா, ஒவ்வொரு தலையா உள்ள போச்சு!” தங்கவேல் போட்ட சத்தத்தில் கட்டடத்துப் புறாக்கள் எழும்பின. கஜபதிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வக்கீல் பொறுமையாகச் சொன்னார். “வழக்குப் போடலாம். அவா உமக்குத்தான் போட்டான்னு சாட்சி வேணுமே.”

பொதட்டூர்பேட்டைக்குப் போனார். தேவகி கதவைப் பாதி திறந்தாள்.

“மாமா ஊர்ல இல்ல நைனா.”

உள்ளே தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

“நூலு ஏதும்மா?”

“முன்ன குடுத்துட்டுப் போனதுதான் நைனா.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பயம். தங்கவேலுக்குப் புரிந்தது. பாவம், அடித்த மொட்டைக்கே இன்னும் என்னென்ன அனுபவிக்க வேண்டுமோ? இவர்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது மகாபாவம். ஆனால் கஜபதியின் நூலுக்குக் கட்டுப்படாத மனுஷன் ஒருவர் இருக்கிறாரே!

மறுபடியும் படி. ஆறாத முழங்காலோடு ஏறினார். மடப்பள்ளியில் சேஷகிரி பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“சாமி, கோர்ட்டுல ஒரே ஒரு வார்த்த சொல்லணும் நீங்க. அந்த நெசவாளிங்க எதுக்கு மொட்ட போட்டாங்கன்னு. அது போதும். பொட்டிய மாத்தினது தன்னால ருசுவாயிடும்.”

“வேண்டாம் தங்கவேலு. ஆனது ஆச்சு, விட்டுடு.”

“கஜபதி மெரட்டினானா?”

“அவன் இந்தப் பக்கமே வரல்லே.”

“அப்ப இன்னா சாமி பயம்? வாயில்லா சனம் தலைய குடுத்து எனக்கு ஓட்டு போட்டுச்சு. அத திருடிகினு ஒருத்தன் சட்டசபைக்குப் போறான். நீங்க முருகனுக்குப் பொங்கல் கிண்டிகினு இருப்பீங்களா?”

சேஷகிரியின் கரண்டி நின்றது. அடி பிடிக்கிற வாசனை வந்தது, அவர் கிண்டவில்லை.

“வேடியப்பன்தான் வந்து கேட்டான். ரெண்டு சத்தியம் பண்ணிட்டோம் சாமி, ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும், மீறப்போறதுக்கு என்ன பரிகாரம்னான். முடியைக் குடுங்கோன்னேன். அதோட விட்டிருக்கலாம். எதைடா மீறப் போறேள்னு நானும் கேட்டுத் தொலைச்சேன்.”

சேஷகிரி மடப்பள்ளி வாசற்படியைக் கரண்டியால் காட்டினார்.

“இந்தப் படியிலதான் உக்காந்து அழுதான். ‘மொதல்ல எங்க சம்பந்திக்குப் பண்ணினத’ன்னான்.”