பதினொரு பல் போன ரம்பம்

அந்த ரம்பத்தை வாங்குவதற்கு தெசாங்கா மூன்று சனிக்கிழமை பக்கத்து ஊரான பொஷேகாவுக்குப் போய்வந்தாள். அவள் ஊரான அரிலியேயின் கடைகளில் விறகு அறுக்கிற ரம்பமும் கிளை வெட்டுகிற ரம்பமும்தான் தொங்கும். அவளுக்கு வேண்டியது பலகைகளைப் பொருத்த மூட்டு வெட்டுகிற ரம்பம். சமையலறை மூலைக்கு ஒரு பெஞ்சு செய்யப் போகிறாள். பல் மருத்துவரின் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஊர்க்காரர்களுக்குப் பல்செட் செய்கிறவள். தன் கையால் தன் வீட்டுக்கென்று ஒரு பொருள்கூடச் செய்ததில்லை.

பொஷேகாவில் கருவிக் கடை வைத்திருக்கும் ரதிங்கா, வாங்குவதற்கு முன் அறுத்துப் பார்க்க ஒரு கெட்டி மரத்துண்டைக் கொடுப்பாள். முதல் ரம்பம் கனமாக இருந்தது. இரண்டாவதன் பிடி ஆண்பிள்ளை உள்ளங்கைக்குச் செய்தது. கால் மணி நேரத்தில் மணிக்கட்டு வலித்தது. மூன்றாவது வாரம் கிடைத்ததுதான் சரியானது. முதுகில் பித்தளைப் பட்டை, பொடிப்பொடியான பற்கள். போட்ட கோட்டை விட்டு இம்மி நகரவில்லை. கூடவே இரண்டு உளி, செங்கோணம் பார்க்க ஒரு மூலைமட்டம். மட்டத்தைக் கூட அப்படியே எடுக்கவில்லை. பலகையில் வைத்துக் கோடு இழுத்து, திருப்பி வைத்து இன்னொரு கோடு இழுத்து, இரண்டும் ஒன்றாக விழுகிறதா என்று பார்த்தாள். ஐந்து மட்டத்தில் ஒன்றுதான் தேறியது.

மூன்று வாரமும் காரை ஓட்டியவன் கணவன் மிலோயே. கடைக்குள் வராமல் காரிலேயே உட்கார்ந்து பந்தாட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வந்தவள் நேராகக் கொட்டகைக்குப் போனாள். பெஞ்சுக் கால்களில் கோடு போட்டுத் தயாராக வைத்திருந்தாள். ரம்பம் அதே ஆணியில்தான் தொங்கியது. எடுத்தபோது விரலில் பிசின் ஒட்டியது. தகடு இடப்பக்கமாக வளைந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எண்ணினாள். பதினொரு பல் இல்லை.

சமையலறையில் மிலோயேயும் அவன் தம்பி ஒப்ராதும் பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் இருவருமாகப் பிளம் மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டிருந்தார்கள். அவள் ரம்பத்தை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல யாரு கிளை வெட்டினது?"

"நான்தான் அண்ணி," என்றான் ஒப்ராது. "கிளைக்குள்ள பழைய வேலிக் கம்பி ஒண்ணு இருந்திருக்கு. கவனிக்கல."

"இத எதுக்கு எடுத்தே?"

ஒப்ராது அண்ணனைப் பார்த்தான். மிலோயே ரொட்டியைப் பிய்த்தான். "சின்ன ரம்பம் ஒண்ணு வேணும்னான். விடேன், ஒரு ரம்பம்தானே."

ஒப்ராது நிலைமையைச் சிரிப்பாக்கப் பார்த்தான். "நீங்க பல்லு கட்டுறவங்கதானே அண்ணி, பதினொண்ணையும் கட்டிடுங்க."

மிலோயே சிரித்துவிட்டான். தெசாங்கா இரண்டு தட்டையும் எடுத்து, மிச்சமிருந்த பீன்ஸைப் பன்றிகளுக்குப் போடும் வாளியில் கொட்டினாள். அன்று முழுக்கத் தாடை வலிக்கிற அளவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை ஒப்ராது பெரிய சிவப்புப் பெட்டியோடு வந்தான். உள்ளே அறுபது சாமான். திருப்புளி, குறடு, பெரிய பெரிய பல்லோடு ஒரு ரம்பம். "எல்லாம் புதுசு அண்ணி. இனிமே உங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

அதைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "கார்ல ஏறு," என்றாள். "நீயும் ஏறு மிலோயே."

பொஷேகா வரை சிவப்புப் பெட்டியும் உடைந்த ரம்பமும் அவள் மடியிலேயே இருந்தன. ரதிங்காவின் கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தெசாங்கா மரத்துண்டில் ஒரு கோடு போட்டு, பெட்டியிலிருந்த ரம்பத்தை ஒப்ராதின் கையில் கொடுத்தாள்.

"வெட்டு. கோட்டுல."

வெட்டினான். ரம்பம் துள்ளியது. ஓரம் சிலும்பு சிலும்பாகப் பிய்ந்தது. வெட்டு கோட்டை விட்டு விரல் அகலம் தள்ளிப் போய் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு ரம்பத்துக்காக மனுஷன இப்படி நிக்க வைக்கிறீங்களே," என்றான் ஒப்ராது. காது சிவந்திருந்தது.

"பல்லு போனதுக்கு இல்லடா. பிசினக்கூடத் தொடைக்காம, ஒண்ணுமே நடக்காத மாதிரி அதே ஆணியில கொண்டுபோய் மாட்டினியே. எனக்குத் தெரிய வராதுன்னுதானே. அதுக்குத்தான்."

ஒப்ராது மறுபடியும் அண்ணனைத்தான் பார்த்தான். மிலோயே விலைச்சீட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான்.

பழைய ரம்பம் தேறாது என்றாள் ரதிங்கா. பல்லைப் புதிதாக ராவிவிடலாம், தகட்டின் வளைவு நிமிராது. அதே மாதிரி இன்னொன்று இருப்பில் இல்லை. தெசாங்கா முக்கால் மணி நேரம் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்து, கொஞ்சம் குட்டையான ஒன்றை எடுத்தாள். ஒப்ராது பணம் கொடுத்தான். திரும்பி வந்ததும் தன் வீட்டு முனையில் இறங்கிப் போனான்.

மிலோயே வண்டியை முற்றத்தில் நிறுத்தினான். சாவியை எடுக்கவில்லை.

"அவன் கேக்கல," என்றான். "நான்தான் எடுத்துக் குடுத்தேன். கிளை ரம்பம் மொண்ணையா கிடந்துச்சு, தீட்டச் சோம்பலா இருந்துச்சு. திரும்பக் கொண்டுபோய் மாட்டினதும் நான்தான்."



"கடையில நான் அவன அந்தப் பேச்சு பேசும்போது நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"நின்னுட்டிருந்தேன்."

"அவனுக்கு எந்த ரம்பம் எதுக்குன்னு தெரியாது. மூணு வாரம் என்னக் கூட்டிட்டுப் போனவன் நீ. இத எடுத்துக் குடுக்கறதுக்கு உனக்குக் கை எப்படி வந்துச்சு?"

"சும்மா தொங்கிட்டிருந்துச்சேன்னு..."

அவள் கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் கோழிகள் சிதறின. வீட்டுக்குள் போகவில்லை. கடைக்குப் போட்டுப் போன மேலங்கியோடு அப்படியே ஒப்ராதின் வீட்டுக்கு நடந்தாள்.

அவன் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லாமல் நின்றான்.

"மாட்டினது நீ இல்லையாமே. ஏண்டா அங்கேயே சொல்லல?"

"நாலு பேர் முன்னால அண்ணன எப்படிக் காட்டிக் குடுப்பேன்?"

"என்னை மட்டும் கத்த விட்டீங்க, ரெண்டு பேரும்."

"உடைச்சது நான்தானே அண்ணி."

"அதுக்கு ரம்பம் வாங்கிக் குடுத்துட்டே. மாட்டினதுக்குத் திட்டினது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்." அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அவன் தண்ணீர் கொண்டுவந்தான். நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் கொட்டகையில் தன் கருவிகளுக்கென்று பூட்டு வைத்த அலமாரி ஒன்று அடித்தாள். சாவி ஒன்றுதான், அது அவளிடம்தான். மிலோயேயுடன் ஒன்பது நாள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் யாரும் சொல்லாமல் கிளை ரம்பத்தை அரத்தோடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மதியம் வரை தீட்டினான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கோபம் கொஞ்சம்கூட இறங்கவில்லை. ஆனாலும் அரத்தைத் தப்பான பக்கம் தள்ளுகிறான் என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மே கடைசியில் பெஞ்சு முடிந்தது. மூன்று பேர் உட்காரலாம். ஒரு காலின் மூட்டில் மட்டும் நகக்கண் அளவு இடைவெளி. அது எந்தக் கால் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.