அலைக்கு விழும் நிழல்

பூங்காவில் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த சின்ன டிரான்ஸ்மிட்டர் 'பீப் பீப்' என்று எங்கள் ரிசீவர்களில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் தேடல் போட்டி அது. ஒருமுறையாவது என் கணவருக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.

ரொம்பக் கிட்டே வந்துவிட்டால் திசை காட்டும் ஆன்டெனாவால் பயனில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் ஒரே மாதிரி காதை அடைக்கும். அவர் அதை நீட்டிக்கொண்டு புதர் புதராகச் சுற்றினார். நான் என்னுடையதைக் கழற்றிவிட்டு, ரிசீவரை மார்போடு அணைத்தபடி மெல்லச் சுழன்றேன். ஒரு பக்கம் திரும்பியபோது சத்தம் தேய்ந்தது. என் உடம்பு அலையை மறைக்கிறது. அப்படியானால் டிரான்ஸ்மிட்டர் என் முதுகுக்குப் பின்னால்.

வீட்டில் குறுக்கே நின்றால் டிவி மறைகிறது என்பார்கள். இங்கே மறைப்பதே வழி காட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ வெளிச்சத்தில் எனக்கும் ஒரு நிழல் விழுகிறது! தூக்கத்தில் நடப்பவளைப் போல, சத்தம் தேய்ந்த திசை மாறாமல் பின்னோக்கி நடந்தேன்.

"என்னம்மா, ரிவர்ஸ் கியரா? பாத்து, குளத்துல விழுந்துடப் போற."

"நீங்க புதருக்குத் தலை சீவி முடிங்க, வரேன்."

கால் ஒரு பெஞ்சில் இடித்தது. உட்கார்ந்து, பலகைக்கு அடியில் கையை விட்டேன். அங்கே கட்டியிருந்த பெட்டி இளஞ்சூடாக இருந்தது.

"அதுக்குள்ள களைச்சுட்டியா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் அது எனக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கட்டும் என்று, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.